அப்பாவ காப்பாத்துன முனிசிபல் ஆஸ்பத்திரிக்கு எப்படி திருப்பிக் குடுக்கறது?

தம்பி, உங்க கேள்விய ரெண்டு மூணு தடவ படிச்சேன். புதுசா படிக்கறவங்களுக்காக சுருக்கமா சொல்லிடறேன். உங்க அப்பாவுக்கு ஈஸ்டர்ன் எக்ஸ்பிரஸ் ஹைவேல பைக் ஆக்சிடென்ட், யாரோ ஒரு டெம்போக்காரர் தூக்கிட்டுப் போய் முனிசிபல் ஆஸ்பத்திரில சேர்த்திருக்கார், தலைக்குள்ள ரத்தக்கட்டு, அன்னிக்கு ராத்திரியே ஆபரேஷன், 19 நாள் வார்டு, டிஸ்சார்ஜ் ஆகும்போது எல்லாம் சேர்த்து சில ஆயிரம் ரூபா. இதே வெளில பார்த்திருந்தா பல லட்சம்னு ஃப்ரெண்ட்ஸ் சொல்லிருக்காங்க. உங்ககிட்ட 50,000 ரூபா இருக்கு, அத யார்கிட்ட குடுக்கலாம், மெஷின் ஏதாவது வாங்கிக் குடுத்தா நல்லதான்னு கேக்கறீங்க. கடைசில போற போக்குல இன்னொரு வரி எழுதிருக்கீங்க, "நான் இன்கம் டாக்ஸ் கட்டறேன், அந்த கியூல நிக்கறவங்க கட்டறதில்ல, அப்ப நான் ஏற்கெனவே குடுத்தாச்சுன்னு எடுத்துக்கலாமா"ன்னு. எனக்கென்னவோ உங்க உண்மையான கேள்வி அதுதான்னு படுது. மீதி லட்சத்த யார் குடுத்தாங்க, நீங்க கடன்காரரா இல்லையா. அதுக்கு பதில் சொல்லிட்டு 50,000க்கு வரேன்.

நான் டாக்டர் இல்ல, பொருளாதாரமும் படிக்கல. மும்பைல ஒரு பெரிய முனிசிபல் ஆஸ்பத்திரில 26 வருஷம் மெடிக்கல் சோஷியல் வொர்க்கரா இருந்து ரிட்டயர் ஆனவ. டாக்டர் "எலும்புக்கு வைக்கற இந்த பிளேட்டு வெளில வாங்கணும்"னு சீட்டு எழுதிக் குடுத்ததும் அத கைல வெச்சுக்கிட்டு முழிக்கறாங்க இல்ல, அவங்கள அனுப்பற ரூம் என்னோடது. பணம் எங்கிருந்து வருது, எந்த டேபிள்ல மாட்டிக்கிட்டு நிக்குதுன்னு தினம் பாத்திருக்கேன், அந்த அளவுக்குத்தான் எனக்குத் தெரியும்.

முதல்ல பணம் யாரோடதுன்னு பாப்போம். கேஇஎம், சயான், நாயர், கூப்பர் இதெல்லாம் மும்பை மாநகராட்சியோட ஆஸ்பத்திரி, டெல்லியோடதும் இல்ல, மகாராஷ்டிரா அரசாங்கத்தோடதும் இல்ல. சொந்தமா மெடிக்கல் காலேஜ் வெச்சு நடத்தற மாநகராட்சி நாட்டுலயே ரொம்ப கம்மி. இவ்வளவும் எதுல ஓடிச்சுன்னா பல வருஷமா ஆக்ட்ராய்லதான். நீங்க முலுண்ட்ல இருக்கறதா எழுதிருக்கீங்க, அங்க செக்நாக்கான்னு இன்னும் சொல்றாங்களே, அந்த நாக்கால லாரிய நிறுத்தி ஊருக்குள்ள வர்ற சரக்குக்கு வசூல் பண்ணாங்க, மாநகராட்சிக்கு பெரிய வருமானமே அதுதான். சோப்பு, துணி, சிமெண்ட்னு எல்லாத்துக்கும் வரி ஏறி கடைசில கடைல வாங்கறவங்க தலைலதான் விழுந்துது. தாராவில 10க்கு 10 ரூம்ல இருக்கற அம்மா ஒரு துணி சோப்பு வாங்கினப்ப கேஇஎம்முக்கு காசு குடுத்தாங்க, அவங்களுக்கே தெரியாது. 2017 ஜூலைல ஜிஎஸ்டி வந்ததும் ஆக்ட்ராய் போயிருச்சு, அந்த இழப்புக்கு ஈடா மாநில அரசாங்கம் மாநகராட்சிக்கு வருஷா வருஷம் பணம் குடுக்குது. அந்தப் பணமும் ஜனங்க கட்டற வரிதான். அதுக்கு மேல ப்ராபர்ட்டி டாக்ஸ், பில்டர்ங்க கட்டற டெவலப்மென்ட் சார்ஜ், பிரீமியம், டெபாசிட் வட்டி. உங்க ஃபிளாட் 500 சதுர அடிக்குள்ளன்னா 2022ல இருந்து ப்ராபர்ட்டி டாக்ஸும் கட்ட வேண்டாம்.

இப்ப உங்க இன்கம் டாக்ஸ். ஃபார்ம் 16ல "ஹெல்த் அண்ட் எஜுகேஷன் செஸ்" 4%னு, டாக்ஸுக்கு மேல போடற கூடுதல் வரி ஒண்ணு இருக்கும், 2018 பட்ஜெட்ல 3%ல இருந்து ஏத்துனது. அந்த 4ல 1தான் சுகாதாரத்துக்கு. அதுவும் செஸ்ங்கறதால மாநிலங்களுக்கு பங்கு குடுக்க வேண்டியதில்ல, மத்திய அரசாங்கம் தன்னோட திட்டத்துக்கே வெச்சுக்கும். அதனால உங்க அப்பா படுத்திருந்த வார்டுக்கு உங்க இன்கம் டாக்ஸ்ல இருந்து நேரா போனது ரொம்ப கொஞ்சம், நீங்க கடைல குடுத்த ஜிஎஸ்டில இருந்து போனது அத விட ஜாஸ்தி. அந்த ஜிஎஸ்டிய பக்கத்து பெட் ஆளும் குடுக்கறார், அவர் சம்பளத்துல உங்கள விட பெரிய பங்கு அதுல போகுது. இதுல எனக்கு சந்தேகமே இல்ல. "நான் கட்டினேன், அவங்க அனுபவிக்கறாங்க"ங்கற நெனப்ப மட்டும் விட்டுருங்க தம்பி, அது கணக்குலயே தப்பு.

அடுத்தது, இந்தப் பணம் போதுமா. 2025-26 மும்பை மாநகராட்சி பட்ஜெட் 74,427 கோடி, அதுல சுகாதாரத்துக்கு 7,380 கோடி சுமார், பத்துல ஒரு பங்கு. பெரிய தொகைதான். ஆனா மும்பை ஜனங்க மட்டுமா வர்றாங்க, தானே, பால்கர், ராய்கட், உ.பி., பீகார், நம்ம திருநெல்வேலில இருந்து மச்சான் வீட்டுக்கு வந்தவங்க வரைக்கும் எல்லாரும் இதே வாசல்லதான் நிக்கறாங்க. நாடு முழுக்க எடுத்துக்கிட்டா 2021-22 தேசிய சுகாதாரக் கணக்குப்படி மத்திய, மாநில, உள்ளாட்சி எல்லா அரசாங்கமும் சேர்ந்து தலைக்கு 3,169 ரூபா வருஷத்துக்கு செலவு பண்ணுது, ஒரு நாளைக்கு 9 ரூபா கூட வரல, அந்தக் காசுக்கு ஸ்டேஷனுக்கு வெளில ஒரு கட்டிங் சாய் கெடைக்கறதே கஷ்டம். அந்தக் காசுலதான் தடுப்பூசி, டிபி மாத்திரை, பிரசவம், டயாலிசிஸ், உங்க அப்பா மண்டைய ராத்திரில திறந்து மூடின ஆபரேஷன் எல்லாம். ஜிடிபில பாத்தா 1.84%. 2017 தேசிய சுகாதாரக் கொள்கை 2025க்குள்ள 2.5%க்கு கொண்டு போறோம்னு எழுதுச்சு, மாநிலங்க தங்களோட பட்ஜெட்ல 8%க்கு மேல போடணும்னும் எழுதுச்சு, மகாராஷ்டிரா போடறது அதுல பாதி சுமார்தான்.

இங்க ஒரு சந்தேகமான விஷயத்தயும் சொல்லணும். மொத்த மருத்துவச் செலவுல ஜனங்க கைக்காசு 2014-15ல 62.6%, 2021-22ல 39.4%க்கு இறங்கிடுச்சுன்னு அதே கணக்கு சொல்லுது. இறங்கிருக்குங்கறத நான் நம்பறேன், இலவச டயாலிசிஸ், இலவச மருந்துன்னு என் ரூம்லயே அந்த மாத்தத்த பாத்தேன். ஆனா அவ்வளவு இறங்குச்சாங்கறதுல நிபுணருங்களுக்குள்ளயே சண்டை இருக்கு. வீட்டுச் செலவுக்கு அடிப்படை 2017-18ல எடுத்த சர்வே, அப்ப ஜனங்க ஆஸ்பத்திரிக்குப் போனதே கம்மி, அதனாலயும் செலவு கம்மியா தெரிஞ்சிருக்கலாம்ங்கறாங்க. போதாததுக்கு 2021-22 கோவிட் வருஷம், அரசாங்கம் வழக்கத்த விட ஜாஸ்தி செலவழிச்ச நேரம். அதனால அந்த 39ஐ பாத்து பிரச்சனை தீந்துடுச்சுன்னு யாரும் நெனச்சுடக் கூடாது.

இப்ப மெஷின் விஷயம், இதுல மட்டும் என் பேச்ச கேளுங்க. எங்க ஆஸ்பத்திரிக்கு ஒரு கம்பெனி ரத்தம் டெஸ்ட் பண்ற அனலைசர் ஒண்ணு குடுத்தாங்க, ரிப்பன், ஃபோட்டோ, சுவத்துல பித்தளை போர்டு எல்லாம் ஆச்சு. மூணு மாசத்துக்கு ரீஏஜென்ட், அதாவது டெஸ்ட்டுக்குப் போடற கெமிக்கல், அவங்களே குடுத்தாங்க. அது தீந்ததும் அந்த மெஷினுக்குப் பொருந்தற ரீஏஜென்ட் எங்க ரேட் கான்ட்ராக்ட்ல (முன்கூட்டியே விலை பேசி வெச்ச லிஸ்ட்) இல்ல, புதுசா டெண்டர் போடணும், போட்டா ஒரே சப்ளையர்தான் வரார், ஒரே ஆள் வந்தா ஆடிட்ல கேள்வி வரும். சர்வீஸ் கான்ட்ராக்ட் யார் பேர்லன்னு தெரியல. ஓட்டத் தெரிஞ்ச டெக்னீஷியன் போஸ்ட் காலி. 14 மாசம் பச்சைத் துணி போத்தி மூலைல கெடந்துது, வாசல்ல ஜனங்க அதே டெஸ்ட்ட வெளி லேப்ல காசு குடுத்து எடுத்துட்டு வந்தாங்க. அந்தத் துணி மேல யாரோ கேஸ் பேப்பர் கட்ட அடுக்கி வெச்சிருந்தாங்க. குடுத்தவங்க மேல எனக்கு கோபம் இல்ல, நல்ல மனசுலதான் குடுத்தாங்க. ஆனா ஆஸ்பத்திரிக்கு பஞ்சம் பொருள்ல கம்மி, பொருள தினம் ஓட வைக்கற காசுலயும் ஆள்லயும்தான் ஜாஸ்தி.

ஆள் பஞ்சம்னா என்னன்னு ஒரு ராத்திரிய சொல்றேன். டீச்சிங் ஆஸ்பத்திரில மூணு பேஷண்டுக்கு ஒரு நர்ஸ்ங்கறது நர்சிங் கவுன்சில் கணக்கு. நான் ஒருநாள் ராத்திரி சொந்தக்காரங்க இல்லாத ஒரு பேஷண்ட்டுக்காக வார்டுக்குப் போனேன், 40 பெட், கீழ மெத்தை போட்டு இன்னும் 11 பேர், ஸ்டாஃப் நர்ஸ் ஒரே ஒருத்தங்க, கூட ரெண்டு ஸ்டூடண்ட் நர்ஸ், ஒரு மாவ்ஷி, அதாவது வார்டு ஆயா. சிஸ்டர் ஒருத்தருக்கு சலைன் மாத்திக்கிட்டே இன்னொருத்தர் மூச்ச காதுல வாங்கிக்கிட்டிருந்தாங்க, நான் கேட்டதுக்கு திரும்பாமலே பதில் சொன்னாங்க. மாவ்ஷி தரைல படுத்திருந்த ஒரு தாத்தாவ ஒருக்களிச்சு படுக்க வெச்சு முதுகு தொடச்சு விட்டாங்க, "பாபா, ஜரா இக்டே" (கொஞ்சம் இந்தப் பக்கம்)ன்னு மெதுவா பேசிக்கிட்டே. அந்த மாவ்ஷி பல வருஷமா கான்ட்ராக்ட். 2020 மார்ச் 22 சாயங்காலம் 5 மணிக்கு நாம எல்லாரும் பால்கனில நின்னு கை தட்டினோம் இல்ல, நானும்தான் தட்டினேன், கண்ணுல தண்ணி வந்துச்சு. அந்த வருஷம் எடுத்த கான்ட்ராக்ட் ஆளுங்கள்ல எங்க வார்டுல ஒருத்தர கூட நிரந்தரமாக்கல. பாராட்டறதுன்னா அந்த போஸ்ட்ட நிரப்பச் சொல்லிக் கேக்கறதுதான்னு அதுக்கப்புறம்தான் எனக்கு உறைச்சுது.

இவ்வளவுக்கு நடுவுலயும் இந்த ஆஸ்பத்திரிங்க என்ன பண்ணிருக்குன்னு தெரிஞ்சா பெருமையா இருக்கும். கேஇஎம் 1926ல ஆரம்பிச்சது. கூட இருக்கற காலேஜுக்கு பணம் குடுத்த சேட் கோர்தன்தாஸ் சுந்தர்தாஸ் டிரஸ்ட்காரங்க ஒரு கண்டிஷன் போட்டாங்க, பாடம் எடுக்கற டாக்டர் எல்லாரும் தகுதியுள்ள இந்தியர்களா இருக்கணும்னு. வெள்ளைக்காரன் காலத்துல பெரிய போஸ்டெல்லாம் அவங்களுக்கே போய்க்கிட்டிருந்த நேரம் அது. நன்கொடைன்னா எப்படி யோசிச்சுக் குடுக்கணும்னு அதுல இருக்கு, கட்டடத்துல பேர் போடறதோட நிக்காம உள்ள யார் வேலை பாக்கணும்னு கேட்டாங்க. சயான் ஆஸ்பத்திரி 1947ல மிலிட்டரி பேரக்ஸ்ல 50 பெட்டோட ஆரம்பிச்சுது. அங்க 1989ல டாக்டர் அர்மிடா ஃபெர்னாண்டஸ் தாய்ப்பால் வங்கி ஆரம்பிச்சாங்க, ஆசியாவுலயே முதல். குறைமாசத்துல பொறந்த குழந்தைக்கு பால் டப்பா குடுத்தா தொத்து வருது, பெத்த அம்மாவுக்கு பால் இன்னும் ஊறல, அப்ப பக்கத்து வார்டுல பிரசவமான இன்னொரு அம்மா பால் குடுக்கறாங்க, அத பாஸ்டரைஸ் பண்ணி ஃப்ரீசர்ல வெச்சு குடுக்கறாங்க. குடுக்கறதுல நிறைய பேர் தாராவிப் பக்கத்து அம்மாங்க, அவங்களே ரத்தசோகைக்கு மாத்திரை சாப்பிடறவங்க.

இன்ஷூரன்ஸ் இருக்கே, அப்பறம் எதுக்கு அரசாங்க ஆஸ்பத்திரின்னு பின்னூட்டத்துல ஒருத்தர் கேட்டிருந்தார். மகாராஷ்டிரா அரசாங்கத்தோட மகாத்மா ஜோதிராவ் ஃபுலே இன்ஷூரன்ஸ் திட்டம் இப்ப ஆயுஷ்மான் பாரத்தோட சேர்ந்து குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம், வசதியுள்ளவங்களோட வெள்ளை ரேஷன் கார்டுக்கும் உண்டு, நல்ல திட்டம், என் கையாலயே எத்தனையோ பேருக்குப் போட்டிருக்கேன். ஆனா அது அட்மிட் ஆனவங்களுக்கு, லிஸ்ட்ல இருக்கற பேக்கேஜுக்குத்தான். சுகர் மாத்திரை, பிரஷர் மாத்திரை, நாய்க்கடி ஊசி, ஓபிடில (அட்மிட் ஆகாம வந்து போறவங்க பிரிவு) ரத்தம் டெஸ்ட் இதுக்கெல்லாம் வராது, ஏழை குடும்பத்த மாசா மாசம் அரிக்கறது அந்த மாத்திரைதான். ராத்திரி 2 மணிக்கு பேர் தெரியாத ஒருத்தர டெம்போக்காரர் தூக்கிட்டு வந்தா எந்த கார்டையும் கேக்காம உள்ள எடுத்துக்க ஒரு இடம் வேணும் இல்லையா. இன்ஷூரன்ஸா நேரடி ஆஸ்பத்திரியாங்கறதுல எதுல எவ்வளவு போடணும்னு படிச்சவங்க விவாதிக்கட்டும், என் அனுபவத்துல ரெண்டாவது பலமா இல்லன்னா முதலாவது பிரைவேட் பில்ல ஏத்தி விடறதுல போய் முடியும்.

ஒரு உள்விஷயம் சொல்றேன், இது 50,000ஐ விட பெருசா இருக்கலாம். அப்பா டிஸ்சார்ஜ் பேப்பர்ல அந்தத் திட்டத்துல கேஸ் போட்டாங்களான்னு பாருங்க. போட்டிருந்தா பேக்கேஜ் பணம் முனிசிபல் ஆஸ்பத்திரிக்கே வரும். நிறைய கேஸ் போடாமலே போகுது, ஏன்னா மிடில் கிளாஸ் குடும்பம் "எங்களுக்கு எதுக்கு ஏழைங்க திட்டம்"னு ரேஷன் கார்ட எடுத்துட்டு வராது, இல்ல ஏழை குடும்பத்தோட கார்டு ஊர்ல இருக்கும். அட்மிட் ஆன முதல் ரெண்டு நாளுக்குள்ள ரேஷன் கார்டும் ஆதாரும் ஆஸ்பத்திரில இருக்கற ஆரோக்யமித்ரா டெஸ்க்ல (அந்தத் திட்டத்துக்கான உதவி டெஸ்க்) குடுத்தாலே நீங்க ஆஸ்பத்திரிக்கு வருமானம் கொண்டு வர்றீங்க. சொந்தக்காரங்ககிட்ட இத சொல்லி வைங்க.

மருந்து விஷயத்துல நம்ம தமிழ்நாட்ட நெனச்சு எனக்கு ஆதங்கம் உண்டு. அங்க 1994ல மருத்துவ சேவைக் கழகம் ஆரம்பிச்சாங்க, மாநிலம் முழுக்க ஒரே இடத்துல டெண்டர், மாவட்டத்துக்கு கிடங்கு, ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் பாஸ்புக், மருந்து எடுக்க எடுக்க அதுல கழியும், லேப்ல சோதிச்சுட்டுத்தான் வெளில விடுவாங்க. மத்த மாநிலங்க வந்து பாத்துட்டுப் போய் இதே மாதிரி ஆரம்பிச்சாங்க. அதனால, இன்னும் பணம் குடுங்கன்னு கேக்கறதோட குடுக்கற பணம் நேரத்துக்கு மருந்தா மாறுதான்னும் கேக்கணும். ரெண்டுல ஒண்ண மட்டும் கேட்டா வேலைக்கு ஆகாது.

சரி, உங்க 50,000. எந்த பெரிய முனிசிபல் ஆஸ்பத்திரிலயும் புவர் பாக்ஸ் ஃபண்ட், அதாவது ஏழை பேஷண்டுங்களுக்கான நன்கொடை நிதி, இருக்கும், சோஷியல் வொர்க் டிபார்ட்மென்ட்ல கேளுங்க, செக்கா குடுங்க, ரசீது வாங்குங்க, யார் கைலயும் கேஷா குடுக்காதீங்க. வார்டுல வேலை பாக்கறவங்களுக்கு ஸ்வீட் குடுங்க, பணம் வேண்டாம். எங்க ஆஸ்பத்திரில கேஸ் பேப்பர் ஜன்னல் பக்கத்துல ஒரு தகர உண்டியலும் இருந்துது, மாசம் ஒரு தடவ ரெண்டு பேர் சாட்சி வெச்சு திறப்போம். மாட்டுங்கா ஸ்டேஷன் வெளில பூ கட்டற ஒரு அம்மா, அவங்க பையன் காலுக்கு 2009ல அந்த ஃபண்ட்ல பிளேட் வாங்கிக் குடுத்தோம், அவன் பொறந்த நாளுக்கு வருஷா வருஷம் வந்து போட்டுட்டுப் போவாங்க. அந்த நோட்டுல மல்லி வாசனை வரும், எண்ணும்போதே தெரிஞ்சுடும். ஒரே தடவ 50,000 போடறத விட மாசம் 2,000ன்னு ரெண்டு வருஷம் குடுங்கன்னுதான் நான் சொல்வேன். தீபாவளிக்கு ஃபண்ட் நிறையும், ஜூன் ஜூலைல காலியாகும், சீட்ட வெச்சுக்கிட்டு நிக்கறவங்க எல்லா மாசமும் வருவாங்க.

ரத்தம் குடுங்க, ஆனா மே மாசம் குடுங்க. காலேஜ் லீவு, ஊருக்குப் போயிடறாங்க, கேம்ப் இருக்காது, தலசீமியாங்கற ரத்த நோய் இருக்கற குழந்தைங்க ரெண்டு மூணு வாரத்துக்கு ஒரு தடவ ரத்தம் ஏத்திக்க வரும்போது ரத்த வங்கில ஃப்ரிட்ஜ் பாதி காலியா இருக்கும்.

அப்பறம் தகவல் உரிமைச் சட்டத்துல ஒரு ஆர்டிஐ மனு போடுங்க, 10 ரூபாதான், 30 நாள்ல பதில் வரணும். மூணே கேள்வி போதும்: அனுமதிச்ச நர்ஸ், டெக்னீஷியன் போஸ்ட் எத்தனை, நிரப்பினது எத்தனை, எத்தனை மெஷின் எவ்வளவு நாளா ஓடல. பதில கொண்டு போய் உங்க வார்டு நகர்சேவக்கிட்ட, அதாவது கவுன்சிலர்கிட்ட, குடுங்க. பிப்ரவரில பட்ஜெட் வரும், அதுக்கு முன்னாடி குடுக்கறது நல்லது. நீங்க இங்கிலீஷ்ல லெட்டர் எழுதி ஃபாலோ அப் பண்ணத் தெரிஞ்சவர், அந்த கியூல நிக்கற பல பேருக்கு அந்த வசதி இல்ல, அவங்களுக்கு ஒரு நாள் போனா ஒரு நாள் கூலி போச்சு. நம்மள மாதிரி ஆளுங்க பிரைவேட்டுக்குப் போனதுல இருந்து இந்த ஆஸ்பத்திரிங்க சத்தமா கேள்வி கேக்கறவங்கள இழந்துடுச்சு. அம்மாவுக்கு பிரஷர் பாக்கணும்னா, குழந்தைக்கு தடுப்பூசின்னா பக்கத்து முனிசிபல் டிஸ்பென்சரிக்கே போங்க, காத்திருக்கணும், ஃபேன் ஓடாம இருக்கலாம், ஓடலன்னா எழுதிக் குடுங்க.

அப்பாவுக்கு ஃபிட்ஸ் வராம இருக்க மாத்திரை குடுத்திருந்தா டாக்டர் சொல்லாம நிறுத்தாதீங்க, நல்லாயிட்டேன்னு அவரே நிறுத்திடுவார், கவனிச்சுக்கங்க. ஃபாலோ அப்புக்கு காலைல 7 மணிக்கே போய் கேஸ் பேப்பர் கியூல நில்லுங்க, பழைய சிடி ஸ்கேன் ஃபிலிம கண்டிப்பா எடுத்துட்டுப் போங்க, அத மறந்துட்டுதான் பாதிப் பேர் திரும்பிப் போறாங்க. அன்னிக்கே சோஷியல் வொர்க் ரூமுக்கும் போயிட்டு வந்துடலாம், எங்க ஆஸ்பத்திரில அது கிரவுண்ட் ஃப்ளோர்ல ஓபிடி பக்கத்துலயே இருந்துது, அங்கயும் அனேகமா அப்படித்தான் இருக்கும்.